உதிர்வும் வெடிப்பும்

இலை மரத்திலிருந்து உதிர்வதையும் இதழ் மலரிலிருந்து உதிர்வதையும் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல் ஒன்று உண்டு. அப்பொப்டோசிஸ் என்பது அச்சொல். 1972ஆம் ஆண்டு ஜோன் கெர் என்னும் அவுஸ்திரேலிய நோயியலாளரும், ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைலி, கரீ என்னும் இருவரும் தாம் நுணுக்குக்காட்டியிற் கண்ட ஒரு வகைச் சாவுக்குப் பெயர் தேடினர். அப்பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கோர்மக் இச்சொல்லை எடுத்துக் கொடுத்தார். விஞ்ஞானிகள் சொல் வேண்டிக் கலைப்பீடத்துப் படியேறிய காலமும் இருந்தது என்பதை நம் கலைப்பீட மாணவர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

அவர்கள் கண்டது யாது? உடம்பின் மிகச் சிறிய உயிருள்ள அலகாகிய கலம் சாகும்போது வீங்கி வெடித்து, தன்னுள் இருந்தவற்றைச் சுற்றுப்புறத்திற் கொட்டி, அவ்விடத்தை அழற்சியாற் சிவக்கச் செய்யும் என்றே பாடநூல்கள் கூறிவந்தன. இவர்கள் கண்ட கலமோ சுருங்கியது. அதன் கரு திரண்டு துண்டுபட்டது. பின்னர் முழுக் கலமும் மென்சவ்வாற் பொதியப்பட்ட சிறு துணுக்குகளாகப் பிரிந்தது. அயற் கலங்கள் அத்துணுக்குகளை விழுங்கிச் சீரணித்தன. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, தழும்பும் இல்லை. இச்சாவு நோயுற்ற உடம்பில் மட்டும் நிகழ்வதன்று. கருவிலிருக்கும் குழந்தையின் கை முதலில் துடுப்புப் போன்றே இருக்கிறது. இடையிலுள்ள கலங்கள் இவ்வாறு உதிர்ந்த பின்னரே விரல்கள் பிரிகின்றன. ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள ஒருவகைப் புழுவில், வளர்ச்சியின்போது தோன்றும் 1090 உடற்கலங்களுள் 131 கலங்கள் தவறாமல் இப்படியே சாகின்றன. எந்தக் கலம், எப்பொழுது என்பதுகூட முன்னரே தீர்ந்திருக்கிறது. இதனைக் கண்டறிந்த மூவருக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

இலை உதிர்வு என்ற சொல் அடக்கமான சொல். ஆனால் அது நெடுங்காலம் தனித்து நிற்கவில்லை. 'கலத்தின் தற்கொலை' என்றார்கள். 'முழு உடம்பின் நன்மைக்காகத் தன்னை மாய்த்துக்கொள்ளும் தியாகம்' என்றார்கள். வெடித்துச் சாகும் கலத்தின் சாவு ஒழுங்கற்றது, அசிங்கமானது. சுருங்கிச் சாகும் கலத்தின் சாவு ஒழுங்கானது, தூயது என்று பாடநூல்களிலும் மெல்ல ஒரு தரப்படுத்தல் புகுந்தது. ஒரு சாவை நல்ல சாவு என்று எதனைக் கொண்டு சொல்கிறோம்? இக்கேள்வியை வெறும் தத்துவச் சொற்களால் அணுகாமல், புற்றுநோய்க் கலத்தைக் கொல்வதற்கென்றே மனிதன் கண்டுபிடித்த மருந்துகளின் வழியே அணுகிப் பார்ப்போம்.

அம்மருந்துகளின் பிறப்பு போர்க்களத்தோடு தொடர்புடையது. 1943 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு, தென்னித்தாலியின் பாரித் துறைமுகத்தில் ஜேர்மன் விமானங்கள் குண்டு வீசின. அங்கு நின்ற 'ஜோன் ஹாவி' என்னும் அமெரிக்கக் கப்பலிற் கடுகு வாயுக் குண்டுகள் இரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. கடலில் எண்ணெயோடு கலந்த நஞ்சில் நனைந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது அவர்களுக்குச் சிகிச்சை செய்த வைத்தியர்களுக்கே தெரியாது. தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. அறுநூறுக்கு மேற்பட்ட படையினரும் கப்பல் மாந்தரும் பாதிக்கப்பட்டனர். எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நகரத்துப் பொதுமக்களைச் சரிவர எண்ணுவார் இல்லை. விசாரிக்க அனுப்பப்பட்ட ஸ்ரூவர்ட் அலெக்சாண்டர் என்னும் வைத்தியர், அவர்களது குருதியில் வெண்கலங்கள் அருகிப்போயிருந்ததைக் குறித்து வைத்தார். இதற்கு ஓராண்டு முன்னரே, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்னும் இருவர் இவ்வாயுவின் உறவான நைதரசன் கடுகை நிணநீர்க் கணுப் புற்றுநோயுற்ற ஒருவருக்கு ஏற்றியிருந்தனர். கட்டிகள் கரைந்தன, சில வாரங்களில் மீண்டும் வளர்ந்தன, அவர் அவ்வாண்டே இறந்தார். யுத்த இரகசியம் காரணமாக 1946 வரை இச்செய்தி வெளியிடப்படவில்லை. அந்நோயாளியின் குறிப்பேட்டில் மருந்தின் பெயர்கூட எழுதப்படவில்லை. 'எக்ஸ்' என்னும் மறைபெயரே இருந்தது. இந்த 'எக்ஸ்' என்னும் எழுத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

நஞ்சு கலத்தைக் கொல்கிறது. வேகமாகப் பெருகும் கலத்தை வேகமாகக் கொல்கிறது. புற்றுநோய்க் கலம் வேகமாகப் பெருகுவது. ஆகவே நஞ்சே மருந்து. நெடுங்காலம் இவ்வளவே விளக்கமாக இருந்தது. உண்மை இதிலும் விசித்திரமானது. நைதரசன் கடுகு போன்ற மருந்துகள் கலத்தின் கருவிலுள்ள டீ.என்.ஏ. இழைகளைக் குறுக்கே பிணைத்துப் பழுதாக்குகின்றன. ஆனால் அப்பழுது பெரும்பாலும் நேரடியாகக் கலத்தைக் கொல்வதில்லை. பி-53 என்னும் புரதம் பழுதை அறிந்து திரள்கிறது. பழுது திருத்தக்கூடியதாயின் கலப்பிரிவை நிறுத்தி வைக்கிறது. அளவு மீறினால், கலத்தினுள் சுவாசம் நடைபெறும் இடமாகிய இழைமணியின் புறச்சுவரில் துளைகள் விழுகின்றன. அத்துளைகளின் வழியே சைற்றோகுரோம்-சீ என்னும் சிறு புரதம் வெளியே கசிகிறது. இழைமணியின் உள்ளே இருக்கும்வரை, நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சின் ஒட்சிசனையும் சத்தியாக மாற்றும் தொடரில் ஒரு கண்ணி அது. வெளியே வந்ததும் அதே புரதம், கஸ்பேஸ் எனப்படும் நொதியங்களை எழுப்பி விடுகிறது. கத்தரிக்கோல்கள் போன்ற இந்நொதியங்கள் கலத்தின் உட்கட்டுமானத்தை ஓரிரு மணி நேரத்தில் வெட்டிப் பிரித்துவிடுகின்றன. சைற்றோகுரோமுக்கு இப்படி ஓர் இரண்டாம் வேலை உண்டென்பது 1996இல் தெரியவந்தபோது உயிரியலாளர் பலர் நம்ப மறுத்தனர். வாழ்வைக் காத்த பொருளே, இடம் மாறியதும் சாவின் தூதாகியது. இயக்கவியலைக் கற்ற நம் வாசகர்களுக்கு இதில் வியப்பு இராது. ஆனால் நூலிற் படித்த விதியைக் கலத்தினுள் நேரே காண்பதில் தனி மகிழ்ச்சி உண்டு.

ஆகவே, மருந்து கொல்வதில்லை. கலத்திடம் ஏற்கெனவே இருக்கும் சாவின் பொறியை மருந்து முடுக்கி விடுகிறது. அப்பொறி பழுதடைந்திருந்தால் மருந்து எவ்வளவு ஊற்றினாலும் பயன் குறைவு. மனிதப் புற்றுநோய்களுள் ஏறக்குறைய அரைவாசியில் பி-53க்குரிய பரம்பரையலகு கெட்டிருக்கிறது. வேறு சிலவற்றில் சாவைத் தடுக்கும் பி.சி.எல்.-2 என்னும் புரதம் மிகுந்திருக்கிறது. இப்புரதம் கலத்தை வேகமாகப் பெருகச் செய்வதில்லை, சாகாமல் வைத்திருக்கிறது என்று 1988இல் மெல்பேண் ஆய்வாளர்கள் காட்டியபோது, புற்றுநோய் என்பது வளர்ச்சியின் மிகுதி மட்டுமன்று, சாவின் மறுப்பும் ஆகும் என்பது தெளிவாயிற்று. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெனெற்றோகிளாக்ஸ் என்னும் மருந்து டீ.என்.ஏ.யைத் தொடுவதே இல்லை, பி.சி.எல்.-2இன் பிடியைத் தளர்த்துகிறது, அவ்வளவே. மீதியைக் கலம் பார்த்துக்கொள்கிறது.

மருந்துக்கு மருந்து வழியும் வேறு. நம் வீட்டு முற்றங்களிலும் கோவில் வீதிகளிலும் பூக்கும் பட்டிப்பூவை, நித்தியகல்யாணியை, எல்லோரும் அறிவோம். மடகஸ்கார் தீவுக்குரிய இச்செடியின் இலைக் கஷாயத்தை யமேக்கா மக்கள் நீரிழிவுக்குக் குடித்துவந்தனர். அந்த இலையை ஆராய்ந்த கனடிய ஆய்வாளர்கள் 1958இல் வின்பிளாஸ்ரினைப் பிரித்தெடுத்தனர்; சில ஆண்டுகளில் வின்கிறிஸ்ரின் வந்தது. குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு இன்றும் அது இன்றியமையாத மருந்து. கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழாய்களை அது கட்டவிடுவதில்லை. கலம் பிரிவின் நடுவே சிக்கி நிற்கிறது. சில அங்கேயே சாகின்றன. சில நழுவி வெளியேறி இரட்டித்த நிறமூர்த்தங்களோடு பிழைக்கின்றன. ஒரே கிண்ணத்தில், ஒரே அளவு மருந்தில், அடுத்தடுத்திருக்கும் இரு கலங்களின் கதி இருவேறாக முடிகிறது. அளவைக் கூட்டினால் சாவின் வகையே மாறிவிடுவதும் உண்டு. குறைந்த அளவிற் சுருங்கி உதிரும் கலம், மிகுந்த அளவில் அவகாசமின்றி வீங்கி வெடிக்கிறது. இவற்றைவிட, கஸ்பேஸ் முடக்கப்பட்டபோது வேறு நொதியங்களைக் கொண்டு நிகழும் திட்டமிட்ட வெடிப்பு ஒன்றும், இரும்பின் தூண்டுதலால் மென்சவ்வின் கொழுப்புக் கெட்டு நிகழும் சாவொன்றும் உண்டு. பின்னையது 2012இல் நியூயோர்க்கிற் பெயரிடப்பட்டது. பட்டியல் இன்னும் நீளும். நம் கேள்விக்கு இரண்டு கண்டுபிடிப்புகள் போதும்.

முதலாவது 2005இல் பாரிஸ் நகருக்கு அருகே நிகழ்ந்தது. அதற்குரிய மருந்து டொக்சோரூபிசின். செந்நிறமானது, நோயாளிகள் அந்நிறத்தைக் கொண்டே அதனை அறிவர். அதன் மூதாதை, இத்தாலியிற் காஸ்தெல் தெல் மொன்தே என்னும் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. பாரித் துறைமுகம் இருக்கும் அதே மாகாணத்து மண் அது. கைடோ குறோமர், லோரன்ஸ் சிற்வோகெல் முதலியோர் எலியின் புற்றுநோய்க் கலங்களை இம்மருந்தாற் சாகடித்து, அச்செத்த கலங்களை ஆரோக்கியமான எலிகளுக்கு ஏற்றினர். சில நாட்களின் பின் அதே புற்றுநோயின் உயிருள்ள கலங்களை ஏற்றியபோது பெரும்பாலான எலிகளிற் கட்டி வளரவில்லை. செத்த கலம் தடுப்பூசியாக வேலை செய்திருந்தது. நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் அவை செத்த விதம் அதே இலை உதிர்வுதான். கஸ்பேஸை முடக்கினால் இப்பயன் இல்லாமற் போயிற்று. ஆனால் இவை சாகும்போது மூன்று காரியங்கள் செய்தன. உள்ளறைகளில் இருக்க வேண்டிய கல்ரெற்றிக்குலின் என்னும் புரதத்தைத் தம் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து கொடிபோற் காட்டின. தம் சத்திப் பொருளாகிய ஏ.ரீ.பீ.யை வெளியே கசியவிட்டன. கருவினுள் இருக்கும் ஒரு புரதத்தையும் பின்னர் வெளிவிட்டன. இவற்றைக் கண்டு வந்த நிர்ப்பீடனக் கலங்கள் செத்த கலத்தை விழுங்கியதோடு நில்லாது, அதன் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொண்டன. சிஸ்பிளாற்றின் என்னும் மருந்தாற் செத்த கலம் இக்கொடியை ஏற்றுவதில்லை. அதன் நெருங்கிய உறவான ஒக்சாலிபிளாற்றினாற் செத்தது ஏற்றுகிறது.

அமைதியான சாவே நல்ல சாவு என்ற தீர்ப்பு இங்கே ஆட்டங்கண்டது. புற்றுநோயாளியின் உடம்பில் அமைதி என்பது சாட்சியில்லாத சாவு. எஞ்சிய கலங்களை எவரும் தேடி வரப்போவதில்லை.

அப்படியாயின் சத்தமிடும் சாவே நல்லது எனத் தீர்ப்பை மாற்றி எழுதிவிடலாமா? இரண்டாவது கண்டுபிடிப்பு அதற்கும் இடந்தரவில்லை. 2017இற் பெய்ஜிங்கில் பெங் ஷாவோவின் ஆய்வுகூடத்தினர், காஸ்டர்மின்-ஈ என்னும் புரதம் இருக்கும் கலங்களில் நிகழ்வதைக் காட்டினர். மருந்து அதே மருந்து. எழும் கத்தரிக்கோலும் உதிர்வை நடத்தும் அதே கஸ்பேஸ்-3. ஆனால் அக்கத்தரி காஸ்டர்மின்-ஈயை வெட்டியதும் வெட்டுண்ட துண்டு கலமென்சவ்விற் குழி துளைக்கிறது, கலம் ஊதி வெடிக்கிறது, அழற்சி மூள்கிறது. அப்புரதம் இல்லாத கலம் அமைதியாக உதிர்கிறது. இதில் நம்மைத் திகைக்க வைப்பது அப்புரதம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதே. புற்றுநோய்க் கலங்கள் பலவற்றில் அதன் பரம்பரையலகு வாயடைக்கப்பட்டிருக்கிறது. நலமான இழையங்கள் பலவற்றில் அது விழித்திருக்கிறது. ஆக, மருந்து இறங்கும்போது புற்று மௌனமாகச் சாகிறது. புற்றில்லாத உடம்பு கதறிச் சாகிறது. இப்புரதம் நீக்கப்பட்ட எலிகளுக்கு மருந்து கொடுத்தபோது அவற்றின் உறுப்புகள் குறைவாகவே சேதமுற்றன. உடல் மெலிவும் குறைவாயிருந்தது. நோயாளி படும் துன்பம் முழுவதையும் இதன் தலையிற் கட்டிவிட முடியாது. என்பு மச்சையிலும் மயிர்க்கால்களிலும் வேகமாகப் பெருகும் கலங்கள் அழிவது வேறு கதை. ஆனாலும் 'பக்க விளைவு' என்று நாம் ஒதுக்கிப் பேசும் ஒன்று, நோய்தீர்க்கும் அதே கத்தரியின் வேலையாகவும் இருக்கக்கூடும் என்பதை இவ்வாய்வு காட்டிவிட்டது.

இந்த இடத்தில் ஓர் ஆசையை நாம் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மௌனமாகச் சாகும் கலம், சாட்சி சொல்லிச் சாகும் கலம் என்று சொன்னவுடனேயே நம் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் பேனாவை எடுத்துவிடுவார். அடங்கிச் சாகும் அடிமை, முழங்கிச் சாகும் தியாகி என்று அவருக்கு உவமை தயாராக இருக்கிறது. இவ்வுவமையை ஏற்கலாகாது. சமுதாயத்துக்காகத் தனியன் சாகவேண்டும் என்பதற்குக் கலத்தின் உதிர்வைச் சாட்சிக்கு அழைப்பவருக்கும் இவருக்கும் முறை ஒன்றே. உடம்பைக் கலங்களின் அரசு என்று வர்ணித்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மனியின் ருடொல்ப் வேர்ச்சோ. 1848இல் மேற்சிலேசியாவின் கொள்ளைநோயை ஆராயச் சென்று, அதற்கு மருந்து மக்களாட்சியும் கல்வியுமே என்று எழுதிய பெருமகன் அவர். கலங்களையும் அவர் சமத்துவமுள்ள குடிகளாகவே கண்டார். அவருக்குப் பின் வந்த ஹெக்கெல் விலங்குடலை முடியாட்சியாகக் கண்டார். அவரவர் அரசியலை அவரவர் கலத்தினுள் வைத்து, பின்னர் இயற்கை சொல்கிறது என்று வெளியே எடுத்தனர். அடுத்த நூற்றாண்டில் நாஜிகள் ஒரு மக்களினத்தையே தேசத்தின் உடம்பிற் புகுந்த புற்றுநோய் என்றனர். அச்சொல்லுக்குப் பின் எஞ்சியிருந்தது சத்திரசிகிச்சை என்னும் சொல் ஒன்றே. மனிதக் கூட்டமொன்றைப் 'புற்றுநோய்' என்று கூறும் மேடைப் பேச்சு நம் நாட்டுக் காதுகளுக்கும் புதியதன்று.

கலம் குடிமகன் அன்று. வீரனும் அன்று, அடிமையும் அன்று. தற்கொலை என்பதற்குத் தன் சாவை எண்ணிப் பார்க்கும் ஒரு 'தான்' வேண்டும். தியாகம் என்பதற்கு, செய்யாமலும் இருந்திருக்கக்கூடிய ஒருவர் வேண்டும். இழைமணியிற் துளை விழுந்த கலத்துக்கு இரண்டும் இல்லை. கலத்தின் சாவு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குக் கலத்தினுள் விடையே கிடையாது. எந்தச் சாவு, எந்த இழையத்தில், எத்தனை கலங்களுக்கு நேர்கிறது, அதனை அனுபவிப்பவர் யார் என்று கேட்கும்போதே நன்மை தீமை என்னும் பேச்சுத் தொடங்குகிறது. அந்தக் கடைசிக் கேள்விக்குரியவர் கட்டிலிற் கிடக்கிறார். வாய்ப்புண்ணையும் வாந்தியையும், டொக்சோரூபிசின் இருதயத்துக்குச் செய்யக்கூடிய கேட்டையும், வின்கிறிஸ்ரினால் விரல் நுனிகள் மரத்துப்போவதையும் தாங்குவதா, எதற்காக, எவ்வளவுக்குத் தாங்குவது என்று தீர்மானிக்கக்கூடிய ஒரே 'தான்' அவர்தான்.

நம்மை உறுத்தும் முரண் இதுவே. தெரிவு செய்யவியலாத கலத்துக்குத் தற்கொலை என்றும் தியாகம் என்றும் தெரிவை வாரி வழங்கும் நாம், தெரிவு செய்யக்கூடிய மனிதரிடம் பெரும்பாலும் நோயின் பெயரையே சொல்வதில்லை. வைத்தியர் மூத்த மகனை அறைக்கு வெளியே அழைத்துப் பேசுகிறார். மகன் தாயிடம் 'சின்னக் கட்டி' என்கிறான். அன்பினால் இப்படி நடக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. கிழவிக்கு உண்மை தெரிந்தால் மனம் உடைந்துவிடும் என்ற அச்சம் பொய்யச்சமும் அன்று. ஆனால் ஆறு முறை ஊசி ஏற்றப்பட்டு, மயிர் உதிர்ந்து, உமிழ்நீர் விழுங்க முடியாமற் கிடப்பவள் அவள். எதற்காக என்று அவளுக்குத் தெரியாதபோது அவளது பொறுமை யாருடைய பொறுமை? யேலில் அந்தக் குறிப்பேட்டில் 'எக்ஸ்' என்று எழுத யுத்த இரகசியம் காரணமாயிற்று. நம் வீடுகளில் யுத்த இரகசியம் எதுவும் இல்லை. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென அறிவித்து, அரச வைத்தியசாலைகளிற் புற்றுநோய் மருந்துகளும் தட்டுப்பட்டபோது, இம்மறைப்பின் இன்னொரு விலை தெரிந்தது. தனக்குக் கிடைக்க வேண்டிய மருந்தின் பெயரே தெரியாத நோயாளி, அது கிடைக்கவில்லை என்று எவரிடம் முறையிடுவார்?

வசதியுள்ளவர் இரண்டாவது வைத்தியரிடம் போய்க் கேட்டுக்கொள்கிறார். மற்றவர்களுக்கு, வைத்தியசாலையை விட்டு வரும்போது கையிற் கொடுக்கப்படும் நோயறி அட்டை இருக்கிறது. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதனால் அவ்வட்டை பல ஊர்களில், மடித்த சேலைத் தலைப்பிலோ சட்டைப் பையிலோ, கடைசியில் ஊர்ப் பாடசாலை ஆசிரியரிடம் வந்து சேர்கிறது. "என்ன எழுதியிருக்குது எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ, சேர்" என்று கேட்டபடி அட்டைக்குரியவர் எதிரே நிற்கிறார். கூட வந்த மகன் பின்னால் நின்று, சொல்லவேண்டாம் என்று தலையசைக்கிறான். ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார்.